பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடும் ஒன்று பரம்பரையாக எப்படி வந்தது? பிசிஓஎஸ்ஸும் பரிணாமமும்

போன வருஷம் என் தங்கைக்கு ஸ்கேன் எடுத்தோம். இரண்டு சினைப்பையிலும் நிறைய நீர்க்கட்டிகள் என்று ரிப்போர்ட் வந்தது, டாக்டர் பிசிஓஎஸ் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம், அதாவது சினைப்பையில் பல நீர்க்கட்டிகள் என்ற பெயர்) என்றார், திரும்பி வரும்போது ஆட்டோவிலேயே அம்மா அழுதுவிட்டார். அப்புறம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பிராய்லர் கோழி, ஹாஸ்டல் சாப்பாடு, ராத்திரி இரண்டு மணி வரைக்கும் கையில் போன். தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாள். படுக்கும்போதுதான் என்னிடம் கேட்டாள்: "அக்கா, இது பரம்பரையாவும் வரும்னு டாக்டர் சொன்னாங்கள்ல? பிள்ளை பிறக்கிறதையே கஷ்டமாக்குற ஒண்ணு, பிள்ளைங்க வழியா எப்படிக்கா இத்தனை தலைமுறை தாண்டி வந்துச்சு?"

நல்ல கேள்வி. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடித் தேடிப் படித்தபோதுதான், உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் இதே கேள்வியைப் பல ஆண்டுகளாகப் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. உயிரியல் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி அதை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்விக்குள் போய்வந்தால் நம் உடம்பைப் பார்க்கிற பார்வையே கொஞ்சம் மாறும்.

முதலில் அந்த 'நீர்க்கட்டி' என்ற சொல்லைத் தள்ளி வைப்போம். பாதி பயம் அதிலிருந்துதான் வருகிறது. சினைப்பைக்குள் ஒவ்வொரு முட்டையும் ஒரு சின்ன நீர்ப்பைக்குள் இருக்கும், ஃபாலிக்கிள் என்பார்கள். மாதாமாதம் பல ஃபாலிக்கிள்கள் வளர ஆரம்பிக்கும், அதில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர் வரை வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளியே விடும். மற்றவை சுருங்கிப் போய்விடும். பிசிஓஎஸ்ஸில் அந்த ஒன்று முந்துவது அடிக்கடி தவறிப்போகிறது. எல்லாமே 2 முதல் 9 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுகின்றன. ஸ்கேன் படத்தில் சினைப்பையின் ஓரமாக முத்துக் கோத்த மாதிரி வரிசையாகத் தெரிவது இவைதான், பாதி வழியில் நின்றுபோன முட்டைப் பைகள். இந்தப் பெயரே ஆட்களைத் தவறான திசையில் கொண்டுபோகிறது, மாற்றுங்கள் என்று அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு ஒன்று 2012-லேயே சொன்னது.

நோயைக் கண்டுபிடிக்க 2003-இல் ராட்டர்டாமில் கூடிய நிபுணர்கள் வகுத்த மூன்று அடையாளங்கள்தான் இன்றும் அடிப்படை: முட்டை வெளிவருவது ஒழுங்கில்லாமல் இருப்பது, ஆண்களிடம் அதிகம் இருக்கும் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்கள் கூடுதலாக இருப்பது (தாடையில் முடி, விடாத முகப்பரு, இரத்தப் பரிசோதனை, இவற்றில் எதில் தெரிந்தாலும் சரி), ஸ்கேனில் அந்த முத்து வரிசை. மூன்றில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ், அதுவும் தைராய்டு மாதிரி வேறு காரணம் இல்லை என்று பார்த்த பிறகு. உலகில் பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது. அவர்களில் 70 சதவீதம் பேர் வரை தங்களுக்கு இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பு.

சரி, ஃபாலிக்கிள் ஏன் நிற்கிறது? மூளையிலிருந்து வரும் ஹார்மோன்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது, ஆனால் பரிணாமக் கதைக்கு நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது இன்சுலினை. சாப்பிட்டதும் இரத்தத்தில் சர்க்கரை ஏறும், இன்சுலின் வந்து தசையின் கதவைத் தட்டும், கதவு திறந்து சர்க்கரை உள்ளே போகும். பிசிஓஎஸ் உள்ள பெண்களில் பலருக்கு, ஒல்லியாக இருப்பவர்களில் கூட நிறைய பேருக்கு, ஒரு தட்டுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்பார்கள். அதனால் கணையம் இன்னும் இன்சுலினைச் சுரந்து இன்னும் பலமாகத் தட்டுகிறது. தசைதான் காது கேளாதது போல இருக்கிறது, சினைப்பைக்கு நன்றாகவே காது கேட்கும். தசைக்காகப் போட்ட அத்தனை சத்தத்தையும் கேட்டு சினைப்பை ஆண்ட்ரோஜனைக் கூட்டிச் சுரக்கிறது. கல்லீரலோ, ஆண்ட்ரோஜன்களில் ஒன்றான டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துக் கட்டி வைக்கிற புரதத்தைக் குறைத்துவிடுகிறது. ஆக, கட்டில்லாமல் சுற்றும் ஆண்ட்ரோஜன் கூடி, ஃபாலிக்கிள்கள் பாதியில் நிற்கின்றன. தங்கையின் தாடையில் வந்த நாலு முடிக்கும் தள்ளிப்போன பீரியட்ஸுக்கும் கழுத்துப் பின்னால் இருந்த கருப்புக்கும் (அதை எத்தனை நாள் பயத்த மாவு போட்டுத் தேய்த்தாள், பாவம்) வேர் ஒன்றுதான்.

இனி அவள் கேட்ட கேள்வி. நெதர்லாந்தில் இரட்டையர்களை வைத்து நடந்து 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒருவருக்கு பிசிஓஎஸ் வருமா வராதா என்பதில் ஏறத்தாழ 70 சதவீதப் பங்கு மரபணுக்களுக்கு என்று கணக்கிட்டது. இயற்கைத் தேர்வின் விதியோ ரொம்ப எளிது. எந்த மரபணு தன்னைச் சுமப்பவருக்கு அதிகப் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் தருகிறதோ அது பெருகும், குறைத்துத் தருவது தேயும். நம் ஆரோக்கியம், சந்தோஷம் எதுவும் அதன் கணக்கில் நேரடியாக வராது. அப்படியென்றால் முட்டை வெளிவருவதையே தடுக்கிற மரபணுக்கள் எப்போதோ தேய்ந்து மறைந்திருக்க வேண்டுமே? பத்தில் ஒருவரிடம் எப்படி நிற்கின்றன?

இது இப்போதுதான் வந்த நோய், அதனால்தான் தேயவில்லை என்று சொல்ல முடியாது. 1935-இல் சிகாகோவில் ஸ்டைன், லெவெந்தால் என்ற இரண்டு டாக்டர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதியதுதான் நவீன மருத்துவத்தில் இதன் முதல் பதிவு. ஆனால் அதற்கும் 200 வருஷத்துக்கு முன்னால், 1721-இல், இத்தாலியில் வல்லிஸ்னேரி என்ற மருத்துவர், கல்யாணமாகியும் பிள்ளை இல்லாத, கொஞ்சம் பருமனான ஒரு இளம் விவசாயப் பெண்ணின் சினைப்பைகள் புறா முட்டை அளவுக்குப் பெருத்து, வெள்ளையாகப் பளபளவென்று இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பெண் பீட்சாவும் பார்க்கவில்லை, பிராய்லர் கோழியும் பார்க்கவில்லை. (கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுவதாக நம்மூரில் சொல்வதும் உண்மையில்லை. அது ஆறே வாரத்தில் வளர்வதற்குக் காரணம் தேர்ந்தெடுத்த இனமும் தீவனமும்.)

மரபணுவைப் பார்த்தால் வயது இன்னும் பின்னால் போகிறது. 2011-இல் சீன ஹான் மக்களிடம் பிசிஓஎஸ்ஸோடு தொடர்புள்ள மரபணு இடங்களைக் கண்டுபிடித்தார்கள், அவற்றில் பல ஐரோப்பியப் பெண்களிடமும் அதே மாதிரி இருப்பது பிறகு தெரிந்தது. வெவ்வேறு கண்டங்களில் இந்நோய் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதையும் சேர்த்துப் பார்த்து, அதே 2011-இல் பிசிஓஎஸ் ஆராய்ச்சியாளர் ரிக்கார்டோ அஸ்ஸிஸும் அவருடைய சகாக்களும், மனிதர்கள் ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே இது நம்மோடு இருந்திருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அதாவது 50,000 வருஷத்துக்கும் மேல்.

முதலில் வந்த விளக்கம் பசியைப் பற்றியது. 1962-இல் ஜேம்ஸ் நீல் என்ற மரபியலாளர் சர்க்கரை நோயைப் பற்றி ஒரு கருத்தைச் சொன்னார்: இன்று நோயைத் தருகிற மரபணு, சாப்பாடு இருக்கும்போது சேர்த்து வைத்து இல்லாதபோது செலவழிக்கிற சிக்கன மரபணுவாக அன்று உதவியிருக்கலாம். பின்னால் வந்தவர்கள் அதை பிசிஓஎஸ்ஸுக்கும் பொருத்தினார்கள். கேட்டால் நம்பத் தோன்றும். தசை சர்க்கரையை ஏற்க மறுத்தால் அந்தச் சர்க்கரை மூளைக்கு மிஞ்சும், வயிற்றில் பிள்ளை இருந்தால் பிள்ளைக்கும் மிஞ்சும். இது வெறும் ஊகமும் இல்லை. எந்த நோயும் இல்லாத பெண்ணுக்கும் கர்ப்பத்தின் பின்பாதியில் இன்சுலின் எதிர்ப்பு தானாகவே கூடுகிறது, சர்க்கரையைப் பிள்ளை பக்கம் திருப்பிவிட உடம்பே செய்கிற ஏற்பாடு அது. ஆக இன்சுலின் எதிர்ப்பு என்பது உடம்பு தெரிந்தே கையில் எடுக்கிற ஒரு கருவி. பிசிஓஎஸ்ஸில் அது எப்போதும் கையிலேயே இருக்கிறது.

பட்டினி வந்தால் பெண்ணின் உடம்பு முதலில் கைவிடுகிறவற்றில் ஒன்று முட்டையை வெளிவிடுவது. பிள்ளையைச் சுமக்கத் தேவையான சக்தி இல்லை என்று மூளை முடிவு செய்துவிடும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் சாவு எவ்வளவு ஏறியது என்பதைத்தான் எல்லோரும் பேசுவார்கள், அந்தக் காலத்துப் பதிவேடுகளில் பிறப்பும் கடுமையாகச் சரிந்திருக்கிறது. இப்போது இதன் பக்கத்தில் டாக்டர்கள் தினமும் பார்க்கிற ஒரு விஷயத்தை வையுங்கள்: எடை கூடிய பிசிஓஎஸ் பெண்கள் 5 முதல் 10 சதவீதம் எடை குறைத்தாலே பலருக்கு முட்டை மறுபடி வெளிவர ஆரம்பிக்கிறது. அப்படியானால் தினமும் பல மைல் நடந்து, கிழங்கு தோண்டி, மெலிந்தே இருந்த ஒரு ஆதிப் பெண்ணுக்கு இதே மரபணுக்கள் பிள்ளைப்பேற்றை இந்த அளவுக்குத் தடுக்காமல் இருந்திருக்கலாம். மற்றவர்கள் உடம்பு வற்றிப்போகிற மெலிந்த காலத்தில் அவள் கையில் கொஞ்சம் கூடுதல் கையிருப்பு இருந்திருக்கலாம். அதே மரபணுக்கள், உட்கார்ந்த வேலையும் மூன்று வேளை அரிசியும் நடுவில் டீயும் பிஸ்கட்டும் உள்ள வாழ்க்கைக்குள் வந்ததும் வேறு மாதிரி நடந்துகொள்கின்றன. உடம்பு ஒரு வாழ்க்கைக்கு அமைந்தது, நாம் வாழ்வது இன்னொன்று. பரிணாம மருத்துவத்தில் இதைப் பொருந்தாமை என்கிறார்கள்.

பஞ்சம்தான் இந்த மரபணுவைப் பெருக்கியது என்ற பகுதிக்கு எதிர்ப்பும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. ஜான் ஸ்பீக்மன் என்ற விஞ்ஞானியின் வாதம் இது: பஞ்சத்தில் அதிகம் சாவது குழந்தைகளும் முதியவர்களும், அதுவும் பெரும்பாலும் தொற்றுநோயால். ஒல்லியா குண்டா என்பது அங்கே பெரிதாகத் தீர்மானிக்கவில்லை. அது மட்டுமில்லாமல் சிக்கன மரபணு அவ்வளவு உதவியிருந்தால் இந்நேரம் எல்லோரிடமும் பரவியிருக்க வேண்டும், எல்லோரும் ஏன் குண்டாகவில்லை என்று கேட்கிறார். தாது வருஷப் பஞ்சத்தால்தான் நமக்கு சர்க்கரையும் பிசிஓஎஸ்ஸும் என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். அதற்கப்புறம் ஐந்தாறு தலைமுறைதான் ஆகியிருக்கிறது, மரபணுக்கள் அந்த அளவுக்கு மாற அது போதாது.

எனக்கு எல்லாவற்றையும் விடத் தெளிவாகப்பட்ட விளக்கம் வேறொரு இடத்திலிருந்து வந்தது. மாலி நாட்டில் டோகோன் என்று ஒரு மக்கள். அங்கே மாதவிடாய் நாட்களில் பெண்கள் தனிக் குடிசையில் போய்த் தங்குவது வழக்கம். வீட்டுக்குத் தூரம் என்று ஒதுக்கி உட்கார வைத்ததைப் பாட்டி வழியாகவாவது கேட்ட நமக்கு அது புதிதாக இருக்காது. பெவர்லி ஸ்ட்ராஸ்மன் என்ற மானுடவியலாளர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்தக் குடிசைகளில் யார் எந்த ராத்திரி தங்கினார்கள் என்று கணக்கெடுத்தார். கருத்தடை இல்லாத அந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் வருகிற மாதவிடாய் சுமார் 100 தான் என்று கிடைத்தது. நகரத்தில் வாழும் இன்றைய பெண்ணுக்கு அது 400 பக்கம் வரும். மீதி காலமெல்லாம் அவர்கள் கர்ப்பமாக இருந்தார்கள், இல்லை பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். மாதாமாதம் 28 நாளுக்கு ஒரு தடவை வர வேண்டும் என்று நாம் எதை வைத்து அளக்கிறோமோ, அந்த ஓட்டமே மனித வரலாற்றில் அபூர்வமாக இருந்த ஒன்று. கர்ப்பமும் பால் கொடுப்பதுமாக இரண்டு மூன்று வருஷம் பீரியட்ஸ் வராமல் இருந்த காலத்தில், ஒருத்திக்கு 50 நாளுக்கு ஒரு தடவை முட்டை வருகிறதா 30 நாளுக்கு ஒரு தடவையா என்பது யார் கண்ணிலும் பட்டிருக்காது, பேரப்பிள்ளைகளின் எண்ணிக்கையிலும் பெரிதாகத் தெரிந்திருக்காது. பிசிஓஎஸ் பெரும்பாலும் கருத்தரிப்பைத் தாமதப்படுத்துகிறது, அடியோடு தடுப்பது குறைவு. இன்றைக்கும் இந்நோய் உள்ள பெண்களில் பெரும்பாலானவர்கள் பிள்ளை பெறுகிறார்கள். நம்மூரில் 'நீர்க்கட்டியா, அப்போ குழந்தை?' என்று முதல் கேள்வியாகக் கேட்பவர்களிடம் இதை யாராவது சத்தமாகச் சொல்ல வேண்டும்.

தாமதத்திலேயே ஒரு லாபமும் இருந்திருக்கலாம் என்கிறார்கள். பிரசவமே உயிருக்கு ஆபத்தாக இருந்த காலத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி கூடினால் தாய் பிழைப்பாள், மூத்த பிள்ளைக்குப் பாலும் கிடைக்கும். இதோடு இன்னொரு விஷயம்: பிசிஓஎஸ் உள்ளவர்களின் சினைப்பையில் முட்டை கையிருப்பு அதிகம். வயது ஏற ஏற, 30-களின் பின்பாதியில் அந்த ஃபாலிக்கிள் கூட்டம் குறையும்போது பலருக்குச் சுழற்சி தானாக ஒழுங்காகிறது, மாதவிடாய் நிற்பதும் சற்றுத் தாமதமாகிறது. முன்னால் இழந்ததைப் பின்னால் ஈடுகட்டுகிற மாதிரி. ஆண்ட்ரோஜனால் எலும்பும் தசையும் பலமாகி ஆதிப் பெண்கள் நன்றாக உழைத்திருப்பார்கள் என்று ஒரு விளக்கமும் சுற்றுகிறது, அதற்கு ஆதாரம் மெலிசு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ஆண்களைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதை முடியாது. மரபணுக்களைப் பெண்கள் மட்டுமா சுமக்கிறார்கள்? பிசிஓஎஸ் மரபணுக்கள் அண்ணன் தம்பிகளிடமும் இருக்கின்றன, அப்பா வழியாகவும் வருகின்றன, ஆனால் ஆணுக்குச் சினைப்பை இல்லை, அதனால் பிள்ளைப்பேற்றில் அவனுக்கு நஷ்டமும் பெரிதாக இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி நேரம் ஆண் உடம்பில் சேதமில்லாமல் பயணம் செய்கிற ஒன்றை இயற்கைத் தேர்வு எளிதில் களைந்துவிட முடியாது. பிரிட்டனின் பயோபேங்க் என்ற பெரிய மருத்துவத் தரவுத் தொகுப்பில் ஆண்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, பிசிஓஎஸ் மரபணு அபாயம் கூடியவர்களுக்கு உடல் பருமன், சர்க்கரை நோய், இதய நோய், வழுக்கை எல்லாம் கூடுதலாக இருந்தன. எங்கள் அண்ணனுக்கு 26 வயதில் முன்னந்தலை ஏறியபோது யாரும் அழவில்லை, கல்யாணம் நடக்குமா என்று ஜாதகத்தைத் தூக்கவில்லை. அவனையும் சர்க்கரை டெஸ்ட் எடுக்கச் சொன்னேன், அவசியம்தான்.

தெற்காசியர்களான நமக்கு ஒரு தனிப் பாரம் உண்டு. ஒரே எடையில் ஐரோப்பியப் பெண்ணை விட நமக்கு இன்சுலின் எதிர்ப்பு அதிகம். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று 2004-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்டு எடையை அளக்கும் எண், ஒன்றுதான், 22.3. உடம்பில் இருந்த கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. அந்தப் படத்தைத் தங்கையிடம் காட்டினேன், 'நான் குண்டே இல்லையே, எனக்கு எப்படி' என்று அவள் கேட்டதற்கு அதை விட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. யாஜ்னிக்கின் குழு புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை அளந்தபோது, அவை இங்கிலாந்துக் குழந்தைகளை விட மிகச் சின்னவை, ஆனால் தசை குறைந்த அளவுக்குத் தோலடிக் கொழுப்பு குறையவில்லை. அம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே 'வெளியே பஞ்சம்' என்று கேட்ட உடம்பு அப்படியே தன்னை அமைத்துக்கொண்டு பிறக்கிறது என்று கருதுகிறார்கள், ஆனால் வெளியே வந்தால் சாப்பாடு இருக்கிறது. கருவில் இருக்கும்போது கிடைக்கிற ஹார்மோன்களுக்கும் பங்கு உண்டு. குரங்குகளிலும் ஆடுகளிலும் கர்ப்ப காலத்தில் ஆண்ட்ரோஜனைக் கூட்டிக் கொடுத்தபோது, பிறந்த பெண் குட்டிகளுக்கு பிசிஓஎஸ் போன்ற மாற்றங்களே வந்தன.

இதையெல்லாம் படித்துவிட்டு 'அப்போ இது இயற்கைதானே, மாத்திரை எதற்கு' என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்து உடம்பில் கர்ப்பமும் தாய்ப்பாலும் கருப்பைக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டே இருந்தன. இன்று முட்டை வெளிவராமல் மாதக்கணக்கில் போனால், முட்டை வெளிவந்த பிறகு சுரக்கிற புரோஜெஸ்டிரோன் வந்து அடக்காமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் கருப்பையின் உள்சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டே இருக்கும், பல வருஷம் அப்படியே விட்டால் அங்கே புற்றுநோய் அபாயம் கூடுகிறது. அதனால் 90 நாளுக்கு மேல் பீரியட்ஸ் வரவில்லையென்றால் டாக்டரிடம் போயே ஆக வேண்டும், கல்யாணம் ஆகட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. சர்க்கரையையும் ஒன்று முதல் மூன்று வருஷத்துக்குள் ஒரு தடவை பார்க்கச் சொல்கிறார்கள். உடற்பயிற்சி எதற்கு என்பதும் இப்போது புரிந்திருக்கும்: வேலை செய்கிற தசை இன்சுலின் தட்டாமலேயே கதவைத் திறக்கும், சத்தம் குறையும், சினைப்பை அமைதியாகும். எடை ஒரு கிலோகூட இறங்காவிட்டாலும் இது நடக்கும்.

ஊரிலிருந்து அத்தை பொங்கலுக்கு வந்திருந்தார், அப்பாவின் அக்கா, 70 தாண்டியவர். தங்கையின் மாத்திரை டப்பாவைப் பார்த்து என்னவென்று கேட்டார், சொன்னோம். "எனக்கும் அப்படித்தான்டி, மூணு மாசம் நாலு மாசம் வராது. நடவு, களை எடுப்புன்னு ஓடிட்டு இருந்தோம், யாரு கணக்கு வச்சா? உங்க பெரிய மச்சானுக்கும் சின்னவனுக்கும் ஏழு வருஷம் இடைவெளி. 54 வயசு வரைக்கும் வந்துட்டு இருந்துச்சு." அவருக்கு சர்க்கரை எப்போது வந்தது என்று தங்கை கேட்டாள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகனோடு டவுனுக்கு வந்த பிறகு என்றார். அம்மா அடுக்களையிலிருந்து வெளியே வந்து, கையில் கரண்டியோடு, நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.